நம் மலைகளின் பறவைகள்: பார்ப்பவர் யார், எழுதுபவர் யார்?

ஐப்பசி மாதத்துக் காலை. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் பிரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். லயத்துச் சிறுவன் ஒருவன் பழைய சப்பாத்துப் பெட்டியொன்றை இரு கைகளிலும் ஏந்தியபடி நம்மிடம் ஓடி வந்தான்.

“சாமி, எங்க காம்பராவுக்குள்ள விழுந்து கெடந்துச்சு. செத்துருமா?”

பெட்டிக்குள் மைனாவை விடச் சிறிய பறவையொன்று கண்களைப் பாதி மூடியபடி இருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் பளபளக்கும் நீலம், கண்ணின் ஓரமாகக் கறுப்புப் பட்டை, வாலின் அடியில் குங்குமச் சிவப்பு. நாம் அதன் பெயரைச் சொல்வதற்கு முன்பே, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்ற அம்மா ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “இது ஓடைக்குள்ள கத்துற குருவிங்க சாமி. பெரிய மழை விட்டாத்தான் வரும். சித்திரைக்கு முந்திப் போயிரும். வந்த அன்னிக்கு இப்புடித்தான் மயங்கிக் கெடக்கும். இருட்டா ஒரு எடத்துல வச்சிருந்தா சாயங்காலம் பறந்துரும்.”

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. தமிழில் ஆறுமணிக் குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் அழைக்கப்படும் பறவை அது. இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவிலே பறந்து வருவதால், களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் கூப்பிடுவதால் ஆறுமணிக் குருவி என்ற பெயர் வந்தது. அன்று மாலை பெட்டியை ஓடைக்கரை மரநிழலில் வைத்துத் திறந்தோம். சற்று நேரம் அசையாமல் நின்ற பறவை, சருகுகளுக்கிடையே இரண்டு துள்ளல் துள்ளி மறைந்துவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி நம்மை விட்டு மறையவில்லை. அந்த அம்மா இந்தப் பறவை வரும் காலத்தை அறிந்திருக்கிறார், போகும் காலத்தையும் தங்கும் இடத்தையும் அறிந்திருக்கிறார். இருந்தும் எந்தப் பறவை நூலிலும், எந்தப் பதிவேட்டிலும் அவருடைய அறிவு ஏறவில்லை. அது ஏன்?

பெயர் பெற்றவர்களும் பெயரற்றவர்களும்

இலங்கையில் நானூறுக்கும் அதிகமான பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அவற்றிலும் பல நமது மத்திய மலைநாட்டின் குளிர்ந்த காடுகளையே நம்பி வாழ்பவை. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கிய நீல ஈபிடிப்பான், இலங்கைக் காட்டுப்புறா, சீட்டியடிக்கும் பூங்குருவி என்று அந்தப் பட்டியல் நீளும்.

இவற்றைப் பற்றி எழுதியவர்கள் யார்? நுவரெலியாவில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் கெலார்ட் 1852இல் இலங்கை விலங்குகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இராணுவ அதிகாரியான லெக் 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெரும் நூலாக வெளியிட்டார். தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு மேலாளரின் மகனாக 1891இல் பிறந்த ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய கையேட்டை இன்றும் பறவை ஆர்வலர்கள் கையில் எடுக்கிறார்கள். மலைச் சிற்றோடைகளில் வாழும் சீட்டியடிக்கும் பூங்குருவியின் விஞ்ஞானப் பெயரிலே, சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர் இருக்கிறது.

இவர்களது உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் எழுதியிராவிட்டால் இன்று நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருந்திராது. ஆனால் அதே கோப்பி மலையில், அதே தேயிலை மலையில் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை நின்ற மக்களின் பெயர் எந்தப் பறவைக்கும் சூட்டப்படவில்லை. துரைக்குப் பறவை பார்க்க ஓய்வு நேரம் இருந்தது. தொழிலாளிக்குப் பறவை கண்ணில் பட்டது, எழுத நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு எழுத்து இருக்கிறது. எனவேதான் இந்தக் கட்டுரை.

தேயிலைக்குள் பார்ப்பது

தேயிலை மலை பச்சையாக இருந்தாலும் காடு அல்ல. ஒரே செடி, ஒரே உயரம். ஆகையால் அதற்குள் மட்டும் வாழும் பறவைகள் சிலவே. கொண்டைக்குருவி, தையல்சிட்டு, சில்லை, மைனா ஆகியவற்றை எவரும் காணலாம். புரட்டாதி ஐப்பசியில் கீச்சான் குருவி வந்து வேலிக் கம்பியிலோ கவ்வாத்து வெட்டிய வாதின் நுனியிலோ அமர்ந்து கரகரவென்று கத்தும். வடக்கிலிருந்து வரும் தகைவிலான்கள் கொழுந்து மட்டத்துக்குச் சற்று மேலே பறந்து பூச்சி பிடிக்கும். இவற்றைப் போலவே தோற்றமுள்ள மலைத் தகைவிலான் நம்மோடு ஆண்டு முழுவதும் இருப்பது. ஸ்டோர் கட்டடத்தின் தாழ்வாரத்திலும் பழைய பங்களாக்களின் கூரையடியிலும் மண்கூடு கட்டுவது அதுதான்.

நிழல் மரங்கள் உள்ள மலையில் இந்த எண்ணிக்கை கூடுகிறது. ஓடையோரத்தில் பழைய காட்டு மரங்கள் ஒரு துண்டேனும் எஞ்சியிருந்தால் மேலும் கூடுகிறது. தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே நிலைதான். அங்கே இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும், தோட்டங்களுக்கிடையே சிக்கிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு அவற்றை மீட்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். தோட்டக் கம்பனிகளோடு பேசி, தோட்ட மக்களோடு சேர்ந்து செய்யப்படும் பணி அது. வால்பாறையில் முடியுமென்றால் தலவாக்கலையில் ஏன் முடியாது?

தண்ணீரோரத்தில் பார்ப்பது

நமது நகரின் ஓரமாக ஓடும் கொத்மலை ஓயாவின் தலைநீர் ஹோர்ட்டன் சமவெளிப் பகுதியிலிருந்து அக்கரை ஓயாவாக இறங்கி வருகிறது. நுவரெலியாப் பக்கமிருந்து நானு ஓயா வந்து சேர்கிறது. இந்த நீரைத் தலவாக்கலையில் மறித்துத்தான் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் அமைக்கப்பட்டது. 2006இல் வேலை தொடங்கி 2012இல் 150 மெகாவாட் மின்னுற்பத்திக்காகத் திறந்து வைக்கப்பட்டது. சுமார் 13 கிலோ மீற்றர் நீளமான சுரங்கம் நீரை மின்நிலையத்துக்குக் கொண்டு செல்கிறது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்காக எழுந்த எதிர்ப்பும், இடம் பெயர்ந்த குடும்பங்களின் துயரமும் நம் மக்களின் நினைவில் இருக்கின்றன.

அணை வந்த பின்னர் நகரின் நடுவிலே ஒரு சிறு நீர்ப்பரப்பு உண்டாகிவிட்டது. ஒரு காலைப் பொழுதில் நமது இளைஞர்களுடன் பாலத்தருகே நின்று பார்த்தபோது நீர்க்காகம், வெண்கொக்கு, மீன்கொத்தி ஆகியவற்றைக் கண்டோம். ஓடைக் கல்லில் வாலை ஆட்டியபடி சாம்பல் வாலாட்டி ஒன்று நடந்தது. அதன் வயிற்றடி மஞ்சள். குளிர்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளி. “இது நம்ம பீலிக்கிட்டயும் வரும் சாமி” என்றாள் ஒரு மாணவி. அவ்வளவு நாளும் பார்த்திருக்கிறாள், பெயர்தான் தெரிந்திருக்கவில்லை.

பறவைகள் வரும் வழியையும் இங்கு எண்ணிப் பார்ப்பது நல்லது. வலசை வரும் பறவைகளில் பெருந்தொகையானவை இந்தியக் கரையிலிருந்து மன்னார்ப் பக்கமாக இலங்கைக்குள் நுழைகின்றன. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கூடும் வங்காலைப் பகுதி 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அருகிலே கட்டுக்கரைக் குளமும் வயல்வெளிகளும் உள்ளன. நீர்ப்பறவைகள் அங்கேயே தங்கிவிட, காட்டுப் பறவைகளும் வாலாட்டிகளும் உள்நாட்டைக் கடந்து மலைக்கு ஏறி வருகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது முன்னோர் வந்ததும் ஏறத்தாழ அந்த வழிதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானவர்கள் எத்தனையோ பேர். 1948ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து அனுப்பியது. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு இந்த மண்ணின் பறவையை நம் பிள்ளை பெயர் சொல்லி அழைக்கும்போது, அது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. தான் வாழும் இடத்தை அது தன்னுடையதென்று சொல்கிறது.

காட்டு விளிம்பில் பார்ப்பது

தேயிலைக்கு மேலே, கிரேட் வெஸ்டர்ன் மலையின் உச்சிப் பக்கம் நோக்கினால் இருண்ட பச்சை தெரியும். அது எப்படி மிஞ்சியது? 1873இல், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்க வேண்டுமென இங்கிலாந்தின் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் அளித்த ஆலோசனையை அன்றைய அரசு ஏற்றதால் மிஞ்சியது. பறவைக்காக அல்ல, தண்ணீருக்காக. மூடுபனியைப் பிடித்து நீராக இறக்கும் காடு அது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாகியது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே வீதியோரத்துச் சிறு நீர்நிலையொன்றுக்கு அரெங்கா குளம் என்று பெயர். சீட்டியடிக்கும் பூங்குருவியின் பழைய விஞ்ஞானப் பெயரிலிருந்து வந்தது அது. அதிகாலை இருட்டிலே வெளிநாட்டார் அங்கு வந்து அந்தக் கருநீலப் பறவைக்காகக் குளிரில் காத்து நிற்கிறார்கள். அழியும் அபாயத்திலுள்ள இனங்களுள் ஒன்றாக அது கணிக்கப்பட்டுள்ளது. நிழலும் ஓடும் தெளிந்த நீரும் இல்லாத இடத்தில் அது வாழாது.

நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் இதே காட்சிதான். காஷ்மீர் மலைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் வரும் காஷ்மீர் ஈபிடிப்பானைக் காண, உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். அவர்களை அழைத்து வரும் வழிகாட்டிகளுள் நமது தோட்டத்து இளைஞர் எத்தனை பேர்? நாம் போன நாட்களில் ஒருவரைக்கூடக் காணவில்லை.

பூச்சியும் நஞ்சும்

பறவை பார்ப்பதால் வயிறு நிறையுமா என்று கேட்பவர்களுக்கு, நமது ஊரிலேயே நடந்த ஒரு பாடம் உண்டு.

தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ப்ஸ் தோட்டத்தில் இருப்பதை எல்லோரும் அறிவோம். அந்நாட்களில் தேயிலையின் பெரிய எதிரி இலை சுருட்டிப் புழு. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டு வந்து தோட்டங்களில் விட்டார்கள். அது அந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு புழுவைத் தின்று வளரும். மருந்து இல்லாமல், செலவு இல்லாமல் புழு அடங்கியது. பூச்சியைப் பூச்சியால் வென்ற நல்ல எடுத்துக்காட்டு இது.

பின்னர் 1950களில், தேயிலை வாதைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். நஞ்சுக்கு நல்லது கெட்டது தெரியுமா? அது அந்தக் குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த இலை சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொரு நோயை விலைக்கு வாங்கிய கதை.

டீல்ட்ரின் மண்ணிலும் உடற்கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும். நஞ்சேறிய பூச்சியைத் தின்னும் பறவை மடியும். இந்த ஆபத்தை ரேச்சல் கார்சன் 1962இல் அமெரிக்காவிலிருந்து எழுதி உலகை எச்சரித்தார். 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் சமவாயம் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளுள் டீல்ட்ரினையும் சேர்த்தது. ஆகவே கரிச்சானும் ஈபிடிப்பானும் ஒரு மலையிலிருந்து மறைந்தால், அங்கே முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றியும் நாம் கேட்க வேண்டும். பறவை சிறிய உடம்பு. பாதிப்பை முதலில் காட்டுவது அதுவாகவும் இருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015இல் களைகொல்லியான கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது, தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தடை நீக்கப்பட்டது. 2021இல் இரசாயன உரம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. மலையில் நிற்பவரைக் கேளாமல் மேலிருந்து இடப்படும் கட்டளை, நல்ல நோக்கத்தோடு வந்தாலும், ஏழையின் தலையில்தான் விழுகிறது. மாற்றம் படிப்படியாக, மக்களின் கண்ணறிவோடு வர வேண்டும். அந்தக் கண்ணறிவை வளர்ப்பதற்குப் பறவை பார்த்தல் எளிய பள்ளிக்கூடம்.

இரண்டு ஓடைகள்

நாம் நன்கறிந்த இரண்டு தோட்டங்கள். ஒன்றில் ஓடையின் இரு கரையிலும் பழைய மரங்கள் நிற்கின்றன. மாசி மாத வெயிலிலும் பீலியில் தண்ணீர் விழுகிறது. ஆறுமணிக் குருவியின் குரலும் கேட்கிறது. மற்றையதில் கரை மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விறகாகிவிட்டன. கோடையில் பெண்கள் குடத்தோடு அரை மைல் நடக்கிறார்கள். கரை திறந்து கிடக்க, குப்பையும் ஓடைக்குள் வருகிறது. குப்பை பெருகிய இடத்தில் காகம் பெருகும். காகம் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் எடுத்துவிடும்.

மரத்தை வெட்டியவர் யார்? உண்மையைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களும் வெட்டினார்கள், நம் லயத்தவர்களும் வெட்டினார்கள். 2022இல் காஸ் கிடைக்காமலும், கிடைத்தால் வாங்க முடியாமலும் நாடே விறகு தேடிய நாட்களில், சுள்ளி பொறுக்கிய தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை. விறகுக்கென்று தனியாக மரம் நடாமல், ஓடை மரத்தைத் தொடாதே என்று சொல்வதில் பயனில்லை. பறவையைக் காப்பதும் அடுப்பெரிவதும் ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும்.

இதற்கு வழிகாட்டுபவர்கள் கிராமத்து எளிய மக்களே. தமிழ்நாட்டில் வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவை மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவர்களுக்கு எந்தத் துரையும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு கொப்பி. திகதி, இடம், பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஐந்து விடயங்கள் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் குரலையும் எழுதலாம். தொலைநோக்கி இல்லையென்று எவரும் தயங்க வேண்டாம். விடிந்து முதல் இரண்டு மணித்தியாலங்கள் அசையாமல் நின்றால் கண்ணும் காதும் போதும்.

இரண்டாவது, முதியவர்களைக் கேட்பது. கொழுந்து பறிக்கும் அம்மாமாரிடமும் இளைப்பாறிய தாத்தாமாரிடமும் ஒவ்வொரு பறவைக்கும் தோட்டத்தில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். நூற்பெயரை எப்போதும் தேடிக் கொள்ளலாம். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களும் அவர்களோடு போய்விடும்.

மூன்றாவது, கெற்றப்போலைக் கீழே வைப்பது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும் பயமுறுத்துவதை விட, கல்லெறிந்த பையனிடமே கொப்பியைக் கொடுப்பது பயன் தரும். குறி பார்க்கத் தெரிந்தவனுக்குப் பறவை பார்க்கவும் தெரியும்.

நான்காவது, பதிவைப் பகிர்வது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட இலங்கைக் களப் பறவையியல் குழு 1976 முதல் இயங்கி வருகிறது. ஈபேர்ட் என்ற உலகப் பதிவேட்டில் கைத்தொலைபேசி வழியாகவே எவரும் பதியலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பொங்கல் நமக்கும் உண்டு. பொங்கிய பானையை இறக்கி வைத்துவிட்டு, லயத்தைச் சுற்றி அரை மணி நேரம் எண்ணிப் பார்த்தால் என்ன?

ஐந்தாவது, ஓடைக்கரை. மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் தோட்ட நிர்வாகத்தோடு பேசி, ஊற்றுக்கு மேலுள்ள கரையில் உள்ளூர் மரங்களையும், சற்றுத் தள்ளி விறகு மரங்களையும் நடலாம். பிள்ளைகள் வளரும்போது மரமும் வளரும். பறவை வழிகாட்டித் தொழிலுக்கு ஓரிரு இளைஞர் பயிற்சி பெற்றால் அது கூடுதல் வரவு.

பெட்டியோடு ஓடி வந்த சிறுவனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தோம். சென்ற முறை போனபோது எடுத்து வந்து காட்டினான். பதினேழு பறவைகள் எழுதியிருந்தான். அவற்றுள் ஆறுக்கு நமக்கே பெயர் தெரியவில்லை. முதல் வரியில் ஆறுமணிக் குருவி என்று எழுதி, அதன் கீழே அடைப்புக்குறிக்குள், “அம்மாயி சொன்ன பேர்: ஓடைக் குருவி” என்று சேர்த்திருந்தான்.

வாசகர்களே, உங்கள் ஓடைக்கு இந்த ஆண்டு எந்தப் பறவை வந்தது? அதை உங்கள் அம்மாயி என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்? இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.